மேடையில் ஒன்று, தாளில் ஒன்று: டெக் செய்தியைச் சோதித்துப் படிப்பது எப்படி

பெரிய டெக் நிறுவனம் எதுவானாலும் அதற்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று மேடைக் குரல்: அறிமுக விழா, விளம்பர வீடியோ, தலைவரின் ட்வீட். இன்னொன்று தாள் குரல்: பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளருக்குத் தரும் அறிக்கை, நீதிமன்ற வாக்குமூலம், அரசுத் துறைக்கு வழக்கறிஞர் எழுதும் கடிதம். மேடையில் கூட்டிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். தாளில் கூட்டிச் சொன்னால் வழக்கு வரும். அதனால் இரண்டும் முரண்படும்போது தாளை நம்புவதே வழக்கம். இந்த வழிகாட்டி சொல்லித்தருவது அந்தத் தாளைத் தேடிப் பிடிக்கும் வேலையைத்தான்.

ஓர் உதாரணம். 2016 அக்டோபரில் டெஸ்லா வெளியிட்ட வீடியோ, "ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்துக்காக மட்டுமே உட்கார்ந்திருக்கிறார், கார் தானாகவே ஓடுகிறது" என்ற வாசகத்தோடு தொடங்கியது. 2022இல் ஒரு விபத்து வழக்கில், ஓட்டுநருக்கு உதவும் ஆட்டோபைலட் மென்பொருள் பிரிவின் இயக்குநர் பிரமாணம் எடுத்து அளித்த வாக்குமூலம் வேறு மாதிரி இருந்தது. பாதையை முன்கூட்டியே முப்பரிமாண வரைபடமாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒத்திகைகளில் ஓட்டுநர்கள் இடையிடையே கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். தானாக நிறுத்திக் காட்ட முயன்றபோது கார் வேலியில் மோதியது. 2019 ஏப்ரலில் டெஸ்லா தலைவர் எலான் மஸ்க், அடுத்த ஆண்டே ஓட்டுநர் இல்லாத பத்து லட்சம் ரோபோடாக்சிகள் சாலையில் இருக்கும் என்றார். 2020 முடிவில் அப்படி ஒன்றுகூட ஓடவில்லை. அதே காலத்தில் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறைக்கு டெஸ்லாவின் வழக்கறிஞர் எழுதிய கடிதம், ஆட்டோபைலட்டோ 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்'கோ தானியங்கி வாகன அமைப்பே அல்ல என்றது. பெயரிலேயே 'ஃபுல்' என்று வைத்து விற்ற பொருளைப் பற்றி அந்த நிறுவனமே எழுதியது இது.

முதலில்: இது யார் எழுதிய செய்தி?

செய்தியில் சற்று விசித்திரமான ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். ஏழெட்டு தளங்களில் அதே வாக்கியம் வந்தால் அது நிருபர் சேகரித்த செய்தி அல்ல, நிறுவனம் அனுப்பிய பிரஸ் ரிலீஸ். ஆங்கிலத்தில் தேடினால் இன்னும் எளிது, ஏனென்றால் தமிழ்த் தளங்கள் பலவும் அதை மொழிபெயர்த்துத்தான் போடுகின்றன. பிரஸ் ரிலீஸ் என்பதாலேயே பொய் என்றாகாது. ஆனால் அதில் எதிர்க்கேள்வி கேட்ட ஆள் யாரும் இல்லை என்று பொருள்.

அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் பாருங்கள். "இச்செய்திக்குறிப்பு இன்ன நிறுவனத்துடனான ஏற்பாட்டின்படி வெளியிடப்படுகிறது, ஆசிரியர் குழு பொறுப்பேற்காது" என்ற வரி இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். 'பார்ட்னர்டு', 'ஸ்பான்சர்டு', 'பிராண்டு' என்ற சொற்கள் தலைப்புக்கு மேல் எங்காவது ஒட்டியிருந்தாலும் அதே கதைதான்.

நம்மூர் நேரப்படி, பருவத்தைப் பொறுத்து இரவு 10.30க்கோ 11.30க்கோ எல்லாத் தளங்களிலும் ஒரே சமயத்தில் விரிவான கட்டுரைகள் வந்து விழுந்தால் அது எம்பார்கோ. கலிபோர்னியாவில் அப்போது காலை பத்து மணி. பத்திரிகையாளர்களுக்கு முன்பே தகவல் கொடுத்து, குறித்த நேரம் வரை வெளியிடக்கூடாது என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். அந்த முதல் அலைக் கட்டுரைகளில் பெரும்பாலும் நிறுவனம் காட்டியதுதான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து வரும் கட்டுரைகளைப் படிப்பது நல்லது.

அடுத்து: பொருள் எந்தப் படியில் நிற்கிறது?

தலைப்பின் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். 'காப்புரிமை கோரியது' என்றால் ஒரு யோசனையைப் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறார்கள், அவ்வளவே. பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் அப்படி விண்ணப்பிக்கும், பெரும்பாலானவை பொருளாக வருவதே இல்லை. 'ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர்' என்றால் அது சக ஆய்வாளர்கள் பரிசோதித்து இதழில் வந்த கட்டுரையா, ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றிய முன்வரைவா என்று பாருங்கள். 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து வந்த எல்கே-99 மீக்கடத்தி (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) செய்தி முன்வரைவு வகை. ஆகஸ்ட் மாதத்துக்குள் பல ஆய்வகங்கள் செய்து பார்த்துவிட்டு, மின்னோட்டத்துக்கான தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு என்று காட்டின.

'அறிவித்தது' என்ற சொல்லில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஆப்பிள் 2017 செப்டம்பரில் ஏர்பவர் சார்ஜரை மேடையில் காட்டியது, 2019 மார்ச்சில் கைவிட்டது. நடுவில் ஒன்றுகூட விற்கவில்லை. 2024 ஜூனில் காட்டிய புதிய சிரி குரல் உதவியாளரை அந்த ஆண்டு ஐபோன் 16 விளம்பரங்களிலும் ஓட்டினார்கள். 2025 மார்ச்சில் தாமதம் என்று அறிவித்து, விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். போன் வாங்கியவர்கள் வாங்கியதுதான். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளிது: இன்று கையில் இருக்கும் வசதிக்கு மட்டும் காசு கொடுங்கள், 'விரைவில்' என்ற சொல்லுக்குப் பூஜ்ய மதிப்பு போடுங்கள்.

தொழிற்சாலைச் செய்திகளுக்கும் இதே படிகள் உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தம், நில ஒதுக்கீடு, கட்டுமானம், உற்பத்தி, ஆள் எடுப்பு. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான், கடைசிப் படிவரை வந்த உதாரணம். அதே ஃபாக்ஸ்கான் 2017இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்றது. 2021இல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 67.2 கோடி டாலர், 1,454 வேலை என்று சுருங்கியது. குஜராத்தில் வேதாந்தாவுடன் சேர்ந்து அறிவித்த சிப் ஆலையிலிருந்து 2023 ஜூலையில் விலகிக்கொண்டது. நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தப் படியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

டெமோவைப் பிரித்துப் பார்ப்பது

டெமோ வீடியோவை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சத்தத்தோடு, இரண்டாம் முறை சத்தம் இல்லாமல். இரண்டாவது முறை உங்கள் வேலை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவது மட்டும். கேள்வி கேட்கும் காட்சிக்கும் பதில் வரும் காட்சிக்கும் நடுவில் வெட்டு இருந்தால், எவ்வளவு நேரம் பிடித்தது, எத்தனாவது முயற்சியில் சரியாக வந்தது என்ற இரண்டும் மறைந்துவிடும்.

பிறகு வீடியோவின் கீழே உள்ள விளக்கக் குறிப்பை முழுவதும் விரித்துப் படியுங்கள். 2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி ஏஐக்கு வெளியிட்ட வீடியோவில், ஒருவர் தாளில் வாத்து வரைய வரைய, ஏஐ பார்த்துக்கொண்டே பேசுவதுபோல் இருந்தது. தாமத நேரத்தைக் குறைத்திருக்கிறோம், பதில்களைச் சுருக்கியிருக்கிறோம் என்று விளக்கக் குறிப்பில் இருந்தது. உண்மையில் வீடியோவிலிருந்து எடுத்த நிலைப்படங்களைக் கொடுத்து, எழுத்தில் கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள் அவை. பின்னணிக் குரல் பிறகு சேர்த்தது.

டெமோவில் சொல்லப்படும் தகவலையே சரிபார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. 2023 பிப்ரவரியில் கூகுளின் பார்டு என்ற ஏஐ உரையாடல் செயலியின் விளம்பரம், சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதலில் படம் எடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்றது. அந்த முதல் படம் 2004இல் சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி எடுத்தது. இந்தத் தவறு செய்தியான நாளில் ஆல்ஃபபெட்டின் சந்தை மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் சரிந்தது. கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரே ஒரு கூகுள் தேடல்.

அடுத்த கேள்வி, திரைக்குப் பின்னால் மனிதர் இருக்கிறாரா என்பது. அமேசானின் 'ஜஸ்ட் வாக் அவுட்' கடைகளில் பொருளை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்து போகலாம், கேமராக்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் அந்த வீடியோக்களைப் பார்த்துச் சரிபார்த்தார்கள் என்றும், 2022இல் ஆயிரம் விற்பனையில் 700க்கு மனிதப் பரிசோதனை தேவைப்பட்டது என்றும் செய்தி வந்தது. அந்த எண்ணிக்கை தவறு என்று அமேசான் மறுத்தது. ஆனால் மனிதர்கள் ஒரு சிறு பகுதியைப் பார்க்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. 2024 அக்டோபரில் டெஸ்லா விழாவில் பானம் ஊற்றிக்கொடுத்த ஆப்டிமஸ் ரோபோக்களையும் தூரத்திலிருந்து மனிதர்கள் இயக்கினார்கள். ரோபோ வீடியோ வந்தால் மூலையில் 'டெலிஆபரேட்டட்' (தூரத்திலிருந்து இயக்கியது) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 'தானாக இயங்குகிறது' என்று தெளிவாக எழுதாத வீடியோவை, மனிதர் இயக்கியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரதிபலிப்புகளையும் விடாதீர்கள். 2012இல் நோக்கியா லூமியா 920இல் எடுத்தது என்று காட்டிய வீடியோவில், பின்னணியில் இருந்த ஒரு ஜன்னல் கண்ணாடியில் பெரிய கேமராவோடு ஒரு படப்பிடிப்பாளர் தெரிந்தார். நோக்கியா மன்னிப்பு கேட்டது.

எண்களில் எதை எதால் வகுத்தார்கள்?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் பெரும்பாலான டெக் எண்கள் பொய் அல்ல. வகுக்கும் எண்ணையோ ஒப்பிடும் ஆளையோ மாற்றியிருப்பார்கள்.

ஜெமினியையே எடுத்துக்கொள்வோம். ஏஐகளின் அறிவைச் சோதிக்கும் எம்எம்எல்யூ என்ற தேர்வில் ஜெமினி அல்ட்ரா 90.0, போட்டியாளர் ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 வெறும் 86.4 என்று பட்டியல் போட்டார்கள். பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி எழுத்து: முதலாவது எண், ஒரே கேள்விக்கு 32 முறை யோசிக்க வைத்து விடையைத் தேர்ந்த முறை. இரண்டாவது, ஐந்து மாதிரிக் கேள்விகளைக் காட்டிவிட்டு ஒரே முறை கேட்டது. கூகுளின் சொந்தத் தொழில்நுட்ப அறிக்கையில் இரண்டையும் ஒரே முறையில் ஒப்பிட்ட எண்களும் இருந்தன. 32 முறை வழியில் ஜெமினி 90.04, ஜிபிடி-4 87.29. ஐந்து மாதிரி வழியில் ஜெமினி 83.7, ஜிபிடி-4 86.4. அதாவது இரண்டாவது வழியில் ஜெமினி தோற்றது. தலைப்பில் ஓர் எண், அறிக்கையின் அட்டவணையில் இன்னோர் எண். ஏஐ செய்தி வந்தால் முதலில் தொழில்நுட்ப அறிக்கையின் பிடிஎஃப்பைத் திறந்து அட்டவணைக்குப் போங்கள். நெடுவரிசையின் தலைப்பும் அடிக்குறிப்பும் ஒரே சோதனை முறையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

சோதனைக்குப் போன பொருளும் கடைக்கு வந்த பொருளும் ஒன்றா என்பது அடுத்தது. 2025 ஏப்ரலில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, தனது லாமா 4 மேவரிக் என்ற ஏஐ, பயனர்கள் வாக்களிக்கும் எல்எம்அரினா தரவரிசையில் மேலே இருப்பதாகச் சொன்னது. அங்கே போட்டியிட்டது, உரையாடலுக்கென்று மெருகேற்றிய சோதனைப் பதிப்பு. பொதுவில் வெளியிட்டது வேறு. கைபேசிகளிலும் இது பழைய வித்தைதான். வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் செயலி ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் வேகத்தைக் கூட்டும் போன்கள் 2013லேயே பிடிபட்டன.

ஒப்பிடும் எதிராளியைப் பாருங்கள். 2019இல் கூகுள் தனது 53 க்யூபிட் சிகமோர் குவாண்டம் சிப் 200 விநாடியில் முடித்ததைச் சூப்பர்கம்ப்யூட்டர் செய்ய 10,000 ஆண்டு ஆகும் என்றது. வன்தட்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இரண்டரை நாள் போதும் என்றது ஐபிஎம். இரண்டும் போட்டி நிறுவனங்கள், இரண்டுக்கும் சொந்த லாபம் உண்டு என்பதை மறக்கவேண்டாம். ஆனால் 10,000 ஆண்டு என்ற எண், எதிராளி எவ்வளவு மோசமாக விளையாடுவார் என்று ஆடுபவரே முடிவு செய்த எண்.

சராசரிகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக், வீடியோ பார்க்கும் சராசரி நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதாக ஒப்புக்கொண்டது. பத்துப் பேருக்கு ஒரு வீடியோ ஓடுகிறது என்று வையுங்கள். ஆறு பேர் ஒரு விநாடியில் தள்ளிவிட்டார்கள், நால்வர் 20 விநாடி பார்த்தார்கள். மொத்தம் 86 விநாடி. பத்தால் வகுத்தால் 8.6. ஆனால் ஃபேஸ்புக், மூன்று விநாடிக்கு மேல் பார்த்த நால்வரால் மட்டும் வகுத்தது: 21.5. நிஜத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை மிகையாகியிருக்கலாம் என்று விளம்பரதாரர்களுக்குச் சொல்லப்பட்டது. பிறகு 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

பயனர் எண்ணிக்கைக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: டவுன்லோடு, பதிவு, மாதம் ஒருமுறை வருபவர், தினமும் வருபவர், காசு கொடுப்பவர். செய்தியில் எது வருகிறதோ, அதற்கு வலப்பக்கம் உள்ள எண் நன்றாக இல்லை என்று ஊகிக்கலாம். ட்விட்டருக்குப் போட்டியாக வந்த இந்தியாவின் கூ செயலிக்கு 6 கோடி டவுன்லோடு என்ற செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலையில் மூடும்போது நிறுவனர்களே சொன்ன கணக்கின்படி, உச்சத்தில் தினமும் வந்தவர்கள் சுமார் 21 லட்சம்.

தாளைத் தேடும் வழி

அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளரான எஸ்இசியின் எட்கர் தளத்துக்குப் போங்கள். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம். நிறுவனப் பெயரைத் தட்டினால் பட்டியல் வரும். 10-கே என்பது ஆண்டறிக்கை, 10-க்யூ காலாண்டு அறிக்கை, 8-கே திடீர் நிகழ்வுகள். பங்கு வெளியிடப் போகும் நிறுவனத்துக்கு எஸ்-1. இன்ஃபோசிஸ் போன்ற, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு 20-எஃப்.

முழுவதும் படிக்கத் தேவையில்லை, படித்தால் தூக்கம்தான் வரும். 10-கேயில் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதிக்குப் போய், செய்தியில் வந்த பொருளின் பெயரைத் தேடுங்கள். மேடையில் 'உலகையே மாற்றும்' என்று சொன்ன பொருளைப் பற்றி அங்கே 'வெற்றி பெறாமல் போகலாம்' என்று எழுதியிருப்பார்கள். இந்த எச்சரிக்கைகளில் பாதி, வழக்கறிஞர்கள் எல்லாவற்றுக்கும் போடும் வழக்கமான வரிகள். அதனால் அவற்றைப் பார்த்ததும் அலற வேண்டாம். போன ஆண்டு அறிக்கையை இன்னொரு தாவலில் திறந்து, இந்த ஆண்டு புதிதாக என்ன சேர்ந்தது என்று பாருங்கள். பயன் அங்கேதான்.

எண்களை எப்படி அளந்தார்கள் என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருக்கும். ஃபேஸ்புக் 2019 ஆண்டறிக்கையில் மாதப் பயனர்கள் 250 கோடி. அதே அறிக்கையில், சுமார் 11 சதவீதம் ஒரே ஆளின் இரண்டாவது கணக்கு, 5 சதவீதம் போலி என்ற மதிப்பீடும் இருக்கிறது. சேர்த்தால் 40 கோடி கணக்குகள். பிரிவுவாரிக் கணக்கும் உதவும். மெட்டாவர்ஸ் என்ற மெய்நிகர் உலகைப் பற்றி மெட்டா எவ்வளவு பேசினாலும், அதை நடத்தும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2023இல் 1,610 கோடி டாலர் நஷ்டம் காட்டியது.

இந்திய நிறுவனம் பட்டியலிடப்பட்டதென்றால் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்கள். பங்கு வெளியீட்டுக்கு முன் செபி தளத்தில் வரைவு ஆவணம் கிடைக்கும். பட்டியலிடாத ஸ்டார்ட்அப்களுக்கு, நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்திக் கணக்குகளைப் பார்க்கலாம். அங்கே கணக்கு தாக்கல் ஆகாமலே இருப்பதும் ஒரு செய்திதான். இணையக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2020-21 கணக்கை மிகத் தாமதமாக 2022 செப்டம்பரில் வெளியிட்டபோது 4,588 கோடி ரூபாய் நஷ்டம் தெரிந்தது. அதே ஆண்டு அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. 2024இல் முதலீட்டாளர் புரோசஸ் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யமாக எழுதிவிட்டது. 'மதிப்பு' என்பது, கடைசியாகச் சில பங்குகளை ஒருவர் வாங்கிய விலையை எல்லாப் பங்குகளோடும் பெருக்கிய எண். அது வங்கியில் இருக்கும் பணம் அல்ல.

நிறுவனம் தன் கொள்கையை மாற்றியதாகச் சந்தேகமா? அந்தப் பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒட்டி, பழைய தேதியைச் சொடுக்குங்கள். 2025 பிப்ரவரியில் கூகுள், ஆயுதங்களுக்கு ஏஐ செய்யமாட்டோம் என்ற உறுதியைத் தன் ஏஐ கோட்பாடுகளிலிருந்து நீக்கியதை யாரும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அபராதச் செய்திகளுக்கு ஒரே ஒரு கணக்கு: அபராதத்தை ஆண்டு வருமானத்தால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். 2019இல் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம். அந்த ஆண்டு வருமானம் சுமார் 7,070 கோடி டாலர். கிட்டத்தட்ட 26 நாள் வசூல். இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ஆண்ட்ராய்டு விவகாரத்தில் விதித்தது 1,337.76 கோடி ரூபாய். இங்கே தொகையைவிட, கூடவே வந்த உத்தரவுகள்தான் முக்கியம். மேல்முறையீட்டில் அபராதம் நின்றது, உத்தரவுகளில் நான்கு விழுந்தன. எனவே தீர்ப்புச் செய்தியில் தொகையைத் தாண்டி, 'இனி என்ன செய்யக்கூடாது' என்ற பத்தியைத் தேடுங்கள். மேல்முறையீடு முடிந்ததா என்றும் பாருங்கள்.

கம்பெனிக்கு எதிரான செய்தியையும் இதே தராசில்

நிறுவனத்தைத் திட்டும் செய்தி என்றால் சோதிக்காமல் பகிர்வது சந்தேக புத்தி அல்ல, சோம்பல். 2018 அக்டோபரில் ப்ளூம்பெர்க், சூப்பர்மைக்ரோ சர்வர்களில் சீனா அரிசிமணி அளவு உளவுச் சிப்பைப் பொருத்தியது என்று பெரிய கட்டுரை வெளியிட்டது. ஆப்பிளும் அமேசானும் மறுத்தன. அந்த மறுப்புகள் எப்படி எழுதப்பட்டிருந்தன என்பதுதான் பாடம். 'இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை', 'பயனர்களின் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை' என்ற வழுக்கல் வாக்கியங்களோடு அவை நின்றுவிடவில்லை. குற்றச்சாட்டை ஒவ்வொன்றாக எடுத்து, அப்படி நடக்கவே இல்லை என்று எழுதினார்கள். ப்ளூம்பெர்க் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் அந்தச் சிப்பை யாரும் பொதுவில் காட்டவும் இல்லை. மறுப்பில் குறிப்பான சொற்கள் இருந்தால் எடை கூடும். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று என்றால் குறையும்.

ஆளை வைத்து முடிவு செய்வதும் அப்படியே. ரோபோடாக்சி கெடுவைத் தவறவிட்ட அதே மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ், பலர் நடக்காது என்று சொன்ன ராக்கெட் தரையிறக்கத்தை 2015 டிசம்பரில் செய்து காட்டியது. அங்கே கூற்றைச் சோதிக்க எளிய வழி இருந்தது: ராக்கெட் நிற்கிறது அல்லது வெடிக்கிறது. 'இந்தக் கூற்று பொய் என்றால் அது எப்படித் தெரியவரும்?' என்று கேளுங்கள். பதிலே இல்லாத கூற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

எல்லாச் செய்திக்கும் இவ்வளவும் செய்ய முடியாது. பகிர்வதற்கு மட்டும் என்றால் மேற்கோள் தேடலும் வினைச்சொல் சோதனையும் போதும், ஐந்து நிமிடம். காசு, வேலை, பங்கு எதிலாவது முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் தாள் வரை போங்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தேதி சொன்ன வாக்குறுதிகளுக்குப் போனின் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு நினைவூட்டல் போட்டு, சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒட்டி, பக்கத்தை வேபேக் மெஷினில் சேமித்த இணைப்பையும் சேர்த்து வையுங்கள். கெடு வரும்போது பழைய பக்கம் அங்கே இருக்குமா என்பது நிச்சயமில்லை.